உயரப்படி நில்

1998ஆம் ஆண்டு. படிவம் ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. மாவட்டப் போட்டிக்குப் பதினைந்து வயதுக்குட்பட்டோர் காற்பந்துக் குழுவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தோட்டத்துப் பையன்கள் ஒன்பது பேர் பள்ளித் திடலுக்குப் போனோம். ஒன்பது பேரில் பூட்ஸ் இருந்தது நாலு பேருக்கு. ஆசிரியர் பந்தை இன்னும் பைக்குள்ளிருந்து எடுக்கக்கூட இல்லை. "உயரப்படி வரிசையில் நில்லுங்க" என்றார்.

நின்றோம். உயரமான பக்கத்திலிருந்து ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பதினெட்டாவது தோளோடு கை நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். எனக்கும் பின்னால், வரிசையின் கடைசி ஆளாக, எங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பையன். அவன் காலில் பந்து போனால் திரும்ப வாங்க முடியாது என்பது தோட்டத்தில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். ஆசிரியர் கெட்டவர் இல்லை. "நல்லா சாப்பிட்டுட்டு அடுத்த வருஷம் வாங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினார். நாங்கள் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தோம். வீட்டில் பாட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அங்கயும் பெரட்டு போடுறாங்களா?"

பெரட்டு என்பது 'பரேட்' என்ற சொல் தோட்டத்து வாயில் புகுந்து வெளியே வந்த வடிவம். விடிவதற்கு முன் தோட்ட ஆபீஸ் எதிரே வரிசையில் நிற்பது. கிராணி பேர் கூப்பிடுவார். மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். காய்ச்சல், தலைவலி என்று யாராவது சொன்னால், அது நிஜமா என்று கண்ணால் அளந்து பார்ப்பார்கள். பாட்டி முப்பத்திரண்டு வருடம் அந்த வரிசையில் நின்றவர். நிற்க வைத்து அளப்பது என்றால் என்ன, யார் அளப்பார்கள், எதற்காக அளப்பார்கள் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. அவர் கேட்ட கேள்வி எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது.

விளையாட்டுக்கு ஆள் எடுக்கும்போது உடம்பின் அளவு முக்கியமா என்ற கேள்வியை வழக்கமாகப் பயிற்சியாளர்களிடம்தான் கேட்பார்கள். எங்கள் வட்டாரத்தில் அதை வரலாற்றிடம் கேட்க வேண்டும். கோலசிலாங்கூரும் அதைச் சுற்றி விரியும் தோட்டங்களும் ஆள் எடுப்பதன் வழியாகவே உருவான நிலம். பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா), ஈஜோக், புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, தென்னமரம் என எந்தப் பெயரைச் சொன்னாலும், யாரோ எங்கிருந்தோ ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து இறக்கிய இடம் அது.

அந்தத் தேர்வு எப்படி நடந்தது? 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது நின்ற பிறகு, கங்காணிதான் முக்கிய வழி என்றாகிவிட்டது. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரையே துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தன் கிராமத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். கிராமத்தில் கங்காணி பார்ப்பார். நாகப்பட்டினத்திலோ சென்னைக்குப் பக்கத்து ஆவடியிலோ இருந்த முகாமில் டாக்டர் பார்ப்பார். கப்பல் வந்து சேர்ந்த இடத்தில் இன்னொரு டாக்டர் பார்ப்பார். தோட்டத்துக்கு வந்ததும் துரை பார்ப்பார். இத்தனை பேர் பார்த்தாலும் யாரும் இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. உடம்பு தாங்குமா என்பது மட்டுமே கேள்வி. கூலியும் உடம்பைப் பார்த்தே. 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற வசதியான பகுதிகளில் திடகாத்திரமான ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விதித்திருந்தார்கள். ரப்பர் விலை சரிந்ததும் 1930இல் அது 40, 32 ஆனது. அதே மரம், அதே கத்தி, அதே பால்.

அதே காலத்தில், அதே ஆட்சி இன்னொரு வரிசையையும் நிற்க வைத்திருந்தது. 1896இல் அமைக்கப்பட்ட மலாய் மாநிலக் காவல் படைக்குப் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைச் சேர்த்தார்கள். அங்கே உயரமும் மார்பளவும் தகுதி. போர்க்குணம் கொண்ட இனங்கள் என்று சிலவற்றை வெள்ளைக்காரன் பட்டியல் போட்டு வைத்திருந்தான். அதில் உயரமானவர்களுக்கு இடம். தமிழனைப் பற்றித் தோட்டத் துரைமார்கள் எழுதி வைத்தவற்றைப் படித்தால் வேறு ஓர் உடம்பு எழுந்து வரும்: சிறியவன், மெலிந்தவன், சொன்னதைச் செய்பவன். இந்த மூன்றையும் அவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள், சின்ன உடம்பு என்றாலே அடங்கிய மனசு என்பதுபோல. 'இவன் எதற்கு லாயக்கு' என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற உடம்பைப் பிறகு அவனுக்கு மாட்டிவிட்டார்கள். அடங்கியவன் என்ற கணக்கு 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தப்பிப் போனது. ஆர். எச். நாதன் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோலசிலாங்கூர் வரை பரவியது. படையை இறக்கிச் சுட வேண்டிய நிலைக்கு அரசு வந்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்க வேண்டிய வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. துரை நடந்து வருவார், நீ சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தால் அவரைவிட உயரமாகத் தெரிவாய். அந்த உயரத்துக்கும் ஒரு சட்டம் இருந்தது.

ஆனால் உடம்பு உண்மையிலேயே சிறுத்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது இனத்தின் குணம் இல்லை. சோறும் கொசுவும் செய்த வேலை. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர், மலேரியாவைப் பற்றி ஆராய்வதற்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே ஒரு தோட்டத்தின் மலேரியாக் கணக்கு. எங்கள் தாத்தா பாட்டிகளின் அப்பா அம்மாக்கள், வாழ்க்கையில் முதல்முறையாக அளக்கப்பட்டது இப்படித்தான் இருக்கும். காய்ச்சலும் கொக்கிப்புழுவும் ரத்தசோகையும் தின்றது போக மீதி இருந்ததுதான் வளர்ந்தது. அந்த மீதியைப் பார்த்துத்தான் 'சிறிய இனம்' என்று எழுதினார்கள்.

இப்படி வளர்ந்தவர்கள் மாலையில் என்ன செய்தார்கள்? பந்து விளையாடினார்கள்.

இதற்கு ரப்பர் மரமும் ஒரு காரணம். பால் அதிகாலையில்தான் நன்றாக வடியும். விடியும் முன் காட்டுக்குள் போய் முந்நூறு, நானூறு மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால் மதியம். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் ஐந்து மணி. கையில் காசு இல்லை, போக ஊர் இல்லை. மூன்று பக்கமும் மரம், ஒரு பக்கம் லயம், நடுவில் திடல். பெரும்பாலான தோட்டங்களில் கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, திடல் நாலும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்கும். துரைமார்கள் திடல் கொடுத்தது கருணையால் என்று சிலர் எழுதுகிறார்கள். பந்து உதைக்கிறவன் சங்கக் கூட்டத்துக்குப் போகமாட்டான் என்ற கணக்கும் இருந்திருக்கும். ஆனால் கொடுத்தவன் கணக்கு ஒன்று, வாங்கினவன் கணக்கு வேறு. நகரத்துத் தமிழர்கள் 1914லேயே கோலாலம்பூரில் 'டமிலியன் பிசிக்கல் கல்ச்சர் அசோசியேஷன்' என்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். உடம்பை வளர்ப்பது என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட சங்கம்! கிராணியும் குமாஸ்தாவும் அங்கே உறுப்பினர். தோட்டத்துக்காரனுக்குச் சங்கம் கிடையாது, திடல் மட்டும்தான்.

தோட்டத்து ஆட்டம் தனி ஆட்டம். எங்கள் திடலில் ஒரு மூலை இன்னொரு மூலையைவிட ஓர் ஆள் அளவு பள்ளம். மழை பெய்தால் அந்த மூலையில் பந்து மிதக்கும். தாத்தா காலத்தில் வெறுங்கால். வெறுங்காலோடு ஆடுகிறவனுக்குத் தூக்கி அடிப்பதில் லாபம் இல்லை. பந்தைத் தரையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஆளை உடம்பால் இடிக்காமல் இடுப்பால் ஏமாற்ற வேண்டும். 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் ஆட்டக்காரர்கள் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தார்கள். அந்தச் செய்தி எங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்குமா தெரியாது. ஆனால் அவர்களும் அதே விடையைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

அப்புறம் எழுவர் ஆட்டம். தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் எழுவர் காற்பந்துதான். ஒரே நாளில் இருபது குழுவை வைத்துப் போட்டியை முடிக்க வேறு வழியில்லை. சின்னத் திடல், குறைந்த நேரம், தூக்கி அடிக்க இடம் கிடையாது. அங்கே சின்ன உடம்பு ஊனம் அல்ல, உபகாரம். தோட்டம் பத்து வயதிலிருந்து ஒரு பையனை எழுவர் ஆட்டத்துக்குப் பழக்கும். பதின்மூன்று வயதில் அவன் பதினொருவர் ஆட்டத்துக்கான தேர்வுக்குப் போய் நிற்பான். அங்கே மூலை உதையைத் தலையால் யார் தட்டுவது என்பதுதான் முதல் கேள்வி.

இந்த இடத்தில் நானே என்னைத் தடுத்துக்கொள்ள வேண்டும். 'நாம் குள்ளம், அதனால் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் மரடோனாவைப் பார், மெஸ்ஸியைப் பார்' என்ற ஆறுதல் பேச்சு நம் ஆட்களிடம் நிறைய உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. முதல் காரணம், அது வெள்ளைக்காரன் மாட்டிவிட்ட உடம்பை அப்படியே ஒத்துக்கொள்கிறது. மலேசியக் காற்பந்தின் பொற்காலம் என்று சொல்கிற 1970களைப் பார்த்தால், இந்தியப் பெயர்கள் அழுத்தமாக நிற்பது உயரம் தேவைப்படுகிற இடங்களில்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவின் கேப்டன் எம். சந்திரன், தற்காப்பு ஆட்டக்காரர். 1967இல் ஆசியக் கிளப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போன சிலாங்கூர்க் காலத்து ஆள். மியூனிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள். மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றார்கள். அவருக்குப் பிறகு கோல் கம்பத்தின் கீழே ஆர். ஆறுமுகம். கை நீளத்தால் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பெயர். அவருக்கு முன்னால் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தில் சந்தோக் சிங்கும் ஜேம்ஸ் வோங்கும் கோல் போட்டார்கள். அரசு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தின் கோல் காவலர் முத்துவைப் பார்த்து எங்கள் மாமா ஒருவர் தியேட்டரிலேயே அழுதார். அவர் அழுதது முத்துவுக்காக இல்லை.

ஆறுமுகத்தின் கைகளைப் பார்த்து யாரும் 'சிறிய இனம்' என்று எழுதியிருக்க முடியாது. அதனால் உயரம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கோல் கம்பம் உலகம் முழுவதும் 2.44 மீட்டர் உயரம்தான். தோட்டத்துக்கென்று இறக்கிக் கட்டித் தரமாட்டார்கள். கோல் காவலருக்கும் நடுத் தற்காப்பாளருக்கும் உயரம் வேண்டும். கேள்வி, அதை எந்த வயதில் அளக்கிறோம் என்பதுதான்.

எங்கள் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. பதினைந்துக்குட்பட்ட பிரிவில் படிவம் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே குழு. ஆண்பிள்ளைகள் மளமளவென்று உயருகிற காலம் சராசரியாகப் பதினாலு வயதையொட்டி வருகிறது. ஆனால் சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும், சிலருக்குப் பதினாறு ஆகும். ஆக அந்த வரிசையில் மீசை முளைத்த மூன்றாம் படிவக்காரனும், டிசம்பரில் பிறந்த முதல் படிவக்காரனும் ஒன்றாக நிற்கிறார்கள். நான் டிசம்பர். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கிக் குழுக்களைப் பார்த்து, அவற்றில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் குவிந்துகிடப்பதைக் காட்டினார்கள். வருடத் தொடக்கத்தில் பிறந்ததால் சில மாதம் கூட வளர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். தேர்வாளர் அதைத் திறமை என்று எண்ணிவிட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி கிடைத்தது, அதனால் பிறகு நிஜமாகவே திறமைசாலி ஆனான். தேர்வாளர் தான் சொன்னது சரிதான் என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

தோட்டத்துப் பையனுக்கு இதற்கு மேல் ஒரு பூட்டு. ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சிக் காலமே தள்ளிப் போகும். அவர்கள் மெதுவாக, நிறைய நாள் வளர்வார்கள். பதின்மூன்று வயதில் உயரப்படி நிற்க வைத்தால், யார் வீட்டில் முட்டை வாங்கினார்கள் என்பதைத்தான் அந்த வரிசை காட்டும்.

வெளியே இதற்கு விதவிதமாகத் தீர்வு தேடியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தேசிய அளவில் தனிக் குழு வைத்தார்கள். இங்கிலாந்தில் சில கிளப்புகள் வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தன. இதைச் செய்யாததால் ஆள் கைதவறிப் போன கதைக்கு பிரான்ஸ் ஒன்றே போதும். அன்டுவான் கிரீஸ்மானைச் சின்னப் பையன் என்று சொல்லி வரிசையாகச் சில பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பின. அவன் பதினாலு வயதில் ஸ்பெயினுக்குப் போனான். 2018இல் அதே பிரான்சுக்காக உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கோல் போட்டான்.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் இன்னும் வெளிப்படை. அங்கே ஃபுட்பால் என்றால் கையால் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதற்குப் பல்கலைக்கழகங்கள் இலவசப் படிப்பு கொடுத்து ஆள் எடுக்கின்றன. அங்கிருந்து தொழில்முறைக்குப் போகிறவனை உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம்வரை அளந்து எழுதுகிறார்கள். அங்கும் டக் ஃப்ளூட்டி என்று ஒருவர், ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, பந்தை எறிகிற இடத்துக்கு அது போதாது என்று பெரிய பல்கலைக்கழகங்கள் விட்டுவிட்டன. பாஸ்டன் காலேஜ் எடுத்துக்கொண்டது. 1984இல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் அவருக்குப் போனது. அதன்பிறகும் அளப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அங்கே அளக்கப்படுகிறவனுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. வளர்ச்சி ஏறக்குறைய முடிந்த உடம்பு. எங்கள் வரிசையில் அளந்தது பாதியில் நின்ற உடம்பை.

தோட்டத்துக்குத் திரும்புகிறேன். என் தலைமுறைக்குப் பிறகு அந்த வரிசையில் நிற்கவே ஆள் குறைந்துபோனதற்கு உயரம் காரணமில்லை. அதை ஒரு மரம் செய்தது.

ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலேசியாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். (ஆப்பிரிக்கப் பனையை நட்ட தோட்டத்துக்குத் தமிழில் தென்னைமரம் என்று பெயர்! இவர் பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். நம் வட்டாரத்திலிருந்து உலக இலக்கியத்துக்குப் போன முதல் ஆள் ஒரு துரை.) 1960களிலிருந்து ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது வேகம் பிடித்தது. இது வெறும் பயிர் மாற்றமல்ல, உடம்பு மாற்றம். பால் வெட்ட நிதானமான கை போதும். பாட்டியும் தாத்தாவும் ஒரே வேலையைச் செய்தார்கள், பாட்டி கூடுதலாகவே வெட்டுவார். செம்பனை அப்படி இல்லை. மரம் உயர உயர நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து இழுக்க வேண்டும். இருபது கிலோ குலை தலைக்கு நேரே வரும். பெண்கள் உதிர்ந்த பழம் பொறுக்கவும் மருந்தடிக்கவும் தள்ளப்பட்டார்கள். மீண்டும் பெரட்டில் உடம்பைப் பார்த்து ஆள் பிரிக்கிற நாள் வந்தது. ரப்பருக்கு வேண்டிய அளவு ஆளும் தேவையில்லை. வயதானவர்கள் நின்றார்கள், இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு நாட்டிலிருந்து வேறு இளைஞர்கள் வந்தார்கள். அவர்களையும் உடம்பைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

தோட்டங்கள் கைமாறின. மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்ற ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காகப் பட்ட பாட்டை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். இன்று புக்கிட் தாகார் என்று தேடினால் கோலாலம்பூரின் குப்பை கொட்டுமிடம்தான் முதலில் வரும். தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர் கொண்ட பள்ளிகளாகிவிட்டன. நாற்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பாடு. அங்கே உயரப்படி நிற்க வைத்துத் தேர்ந்தெடுக்கிற சொகுசெல்லாம் எந்த ஆசிரியருக்கும் கிடையாது. 2010இல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை எடுத்தபோது, எஸ். குணாலன் வலப்பக்கம் ஓடுவதைப் பார்க்க எங்கள் தாமானில் கடை கடையாகக் கூட்டம் நின்றது. அந்த ஓட்டத்தை எங்கோ பார்த்ததுபோல இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். தேர்தல் வரும்போது எங்களுக்கு ஜெர்சியும் பந்தும் வரும். திடல் மட்டும் வந்ததில்லை.

1998 வரிசையில் முதல் தோளாகத் தொடப்பட்டவனும் எங்கள் தோட்டத்துப் பையன்தான். அப்போதே மீசை. நடுத் தற்காப்பில் போட்டார்கள். இரண்டு வருடம் மாவட்டத்துக்கு ஆடினான். பிறகு மற்றவர்கள் எல்லாம் உயர்ந்தார்கள், அவன் அப்படியே நின்றுவிட்டான். பதினாறு வயதில் அவனையும் விட்டுவிட்டார்கள். பந்தைக் காலில் வைத்து ஆட அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, தேவைப்படவில்லை. கடைசி வீட்டுப் பையன் அடுத்த வருஷம் தேர்வுக்கு வரவில்லை. படிவம் மூன்றோடு படிப்பையும் விட்டான். இருபது வயதில் அவன் எங்கள் இருவரையும்விட ஒரு கை உயரம்.

போன தீபாவளிக்கு நானும் அந்த மீசைக்காரனும் பழைய தோட்டத்துக்குப் போனோம். அவன் இப்போது லாரி ஓட்டுகிறான். பக்கத்தில் நின்றால் எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். லயம் இல்லை. கோயில் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு நாள் திறக்கிறார்கள். திடலில் செம்பனை நட்டிருக்கிறார்கள், முக்கோணமாக, மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர். ஒரு ஹெக்டருக்குச் சுமார் 140 மரம் என்பது தோட்டக் கணக்கு. சரியான அளவுள்ள காற்பந்துத் திடல் முக்கால் ஹெக்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக நூறு மரம். எங்கள் திடல் அவ்வளவு பெரிதில்லை, எழுபது இருக்கலாம். பள்ளமான மூலையில் மட்டும் நடவில்லை, தண்ணீர் நின்றது.

கோல் கம்பம் மூங்கில். அண்ணன்மார்கள் நட்டது. குறுக்குக் கம்பை எந்த உயரத்தில் கட்டுவது என்று தெரியாமல், இருப்பதிலேயே நெட்டையான அண்ணனைக் கை தூக்கி நிற்கச் சொல்லி, விரல் நுனியில் கட்டினார்கள். அது நின்ற இடம் எது என்று தேடினோம். அவன் ஒரு மரத்தைக் காட்டி இதுதான் என்றான். நான் அதற்கு இரண்டு மரம் தள்ளி இன்னொன்றைக் காட்டினேன். "டேய், அங்க நின்னா கார்னர் எங்கருந்து அடிச்சோம்?" என்று கேட்டான். இரண்டு பேரும் அடி வைத்து அளக்க ஆரம்பித்தோம். மழை வந்துவிட்டது.